தவிட்டு நிற அங்கியும் நாற்பத்தேழாம் எண்ணும்

நகராட்சிக்காரர்கள் வாசல் சுவரில் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போன நாளிலிருந்து பல்லுக்காரிக்குப் பாதி நேரம் பயம், மீதி நேரம் எரிச்சல். தாளில் இருந்தது நான்கே வரி. பின்பக்கச் சுவர் விரிசல் விட்டு அபாய நிலையில் இருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குள் உரிமையாளர்கள் அனைவரும் நேரில் வந்து பழுதுபார்ப்பு ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும்.

பூட்டினால் போவது வீடு மட்டுமல்ல. முன்னறைதான் அவளுடைய பட்டறை. நான்கு பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறாள். மெழுகு உருக்கும் அடுப்பு, தேய்க்கும் மோட்டார், வரிசை வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும் சாந்து அச்சுகள் எல்லாம் அங்கேதான். முழங்கால் தேய்ந்துபோன அவள் வீட்டுக்காரர், முடிந்த பற்களை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். வீடு பூட்டப்பட்டால் இருவருக்கும் தெருதான் கதி. கையில் முப்பது பேருடைய பற்கள் வேறு.

'உரிமையாளர்கள் அனைவரும்' என்ற இடத்தில்தான் கழுத்தில் சுருக்கு விழுந்தது. அப்பா வீட்டை இரண்டு பிள்ளைகள் பேரிலும் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ஒரு பிள்ளை இவள். இன்னொரு பிள்ளை இவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்குப் பெயர் சுண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு சபையில் சேர்ந்தான். படிப்படியாக மேலே போய் இப்போது அதன் தலைமைக் குருவாக இருக்கிறான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தவிட்டு நிறத்தில் அங்கி. தலையில் அதே நிறத்துணி, ஒன்பது மடிப்பு. நெற்றியில் ஆரம்பித்து, இரண்டு காதையும் மூடி, பின்கழுத்தில் முடியும். அந்த நிறம் தெருமுனையில் தெரிந்தாலே ஊர் எழுந்து நிற்கும்.

மூன்று வாரமாக அவள் தொலைபேசியில் பேசியது தம்பியிடம் அல்ல, அவனுடைய உதவியாளரிடம். எப்போதும் அவன் பின்னால் இரண்டடி தள்ளி நிற்கும் ஒல்லியான மனிதர். அவள் அவருக்கு நிழல் என்று பெயர் வைத்திருந்தாள்.

"குரு மௌனத்துல இருக்காங்கம்மா."

"எப்போ பேசுவான்?"

"பேசுவாங்க. மௌனம் முடிஞ்சதும் பயணம். பயணம் முடிஞ்சதும் ஓய்வு."

"ஓய்வு முடிஞ்சதும்?"

நிழல் ஏதோ தாளைப் புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "மறுபடி மௌனம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்ன சொல்லில்லை. இருபத்தாறாம் தேதிவரை பொறுத்துப் பார்த்தவள், அன்றைக்கு வேறு வழியில் போனாள். "சரிங்க. ஒரு விஷயம் மட்டும் குருகிட்ட சொல்லிடுங்க. அவனோட முன்பல் ரெண்டும் நான் கட்டினது. ஆறு மாசத்துக்கு ஒருதடவை இறுக்கணும். எட்டு மாசம் ஆச்சு. பிரசங்கத்துல பறந்து முன்வரிசையில யார் மடியிலயாவது விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. முப்பதாம் தேதி மதியம் குரு நகராட்சி அலுவலகத்துக்கு எழுந்தருள்வார்.

எழுந்தருளட்டும், கையெழுத்துப் போட்டால் சரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் தேதி மதியம் ஒன்றரைக்கே போய் டோக்கன் எடுத்தாள். நாற்பத்தேழு. கூடத்தில் இரும்பு நாற்காலிகள் எட்டு வரிசை. எதிரே ஒரே ஒரு கவுண்டர். கணினி, கேமரா, கைரேகைக் கருவியோடு கண்ணாடி போட்ட ஒரு பெண். மேலே சிவப்பு எழுத்தில் எண் ஓடும் பலகை. ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம் ஆகிறது என்று அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்தாள். இரண்டே முக்காலுக்கு முன்னால் தம்பி வந்துவிட்டால் போதும். மூன்று, மூன்றேகாலுக்கு வேலை முடிந்துவிடும்.

இரண்டு இருபத்தைந்துக்கு, நாற்பத்தோராம் எண் ஓடும்போது, வாசலில் தவிட்டு நிறம் தெரிந்தது. அவன் நேரத்துக்கு வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்தது.

கூடம் முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் பின்னால் இழுபடும் சத்தம் கேட்டு உள்ளறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, பார்த்தவர்களும் வந்து நின்றார்கள். கவுண்டர் பெண் தட்டச்சில் இருந்த கையை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள். பியூன் ஓடிப்போய் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து துண்டால் துடைத்தார்.

"குருவே, உட்காரணும்."

தம்பி சிரித்தான். உட்காரவில்லை.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சபையின் வழக்கம் அது: யாராவது நிற்கும்போது குரு உட்காரமாட்டார். பணிவு. ஊரின் வழக்கம் வேறு: குரு நிற்கும்போது யாரும் உட்காரமாட்டார்கள். மரியாதை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல வழக்கம்தான். சபை மண்டபத்தில் இதற்கென்று ஒரு வெண்கல மணி உண்டு. ணங்கென்று ஒரு அடி அடித்தால் குருவிலிருந்து குழந்தை வரை எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாம் அடி விழும் வரை யாரும் எழமாட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் மணிக்கு எங்கே போவது?

எல்லோரும் நின்றார்கள். அவனும் நின்றான். பலகையில் நாற்பத்தொன்றும் நின்றது.

"டேய்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதோரம் போனாள். "உட்காருடா. எல்லாரும் உனக்காக நிக்கிறாங்க."

"அவங்க உட்காரட்டும்க்கா, நான் உட்கார்றேன்."

"அவங்களை உட்காரச் சொல்லேன்."

"சொல்லிப் பார்க்கிறேன் பாரு." அவன் கையை உயர்த்தி, கீழ்நோக்கி மெதுவாக அசைத்தான். ஆசீர்வாதம் என்று நினைத்துக் கூடமே குனிந்து கும்பிட்டது. "பார்த்தியா? எங்க போனாலும் இதே கதைதான். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி எல்லாம். காலெல்லாம் வீங்கிப் போச்சுக்கா."

நிழல் இரண்டடி முன்னால் வந்து, "அம்மா, பொது இடத்துல குருவை 'டா' போட்டுப் பேச வேண்டாமே," என்று மெல்லச் சொன்னார்.

"வீட்டுல போடலாமா?"

"வீட்டுலயும் யாராவது இருப்பாங்களேம்மா."

அவளுக்குப் பின்வரிசையில் ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தார். தண்ணீர் இணைப்புக்காக வந்தவர், கையில் ஐம்பத்து மூன்றாம் எண். எல்லோரோடும் சேர்ந்து அவரும் மரியாதையாகத்தான் எழுந்தார். பத்து நிமிஷம் ஆனதும் மரியாதை முழங்காலுக்கு இறங்கிவிட்டது போலிருக்கிறது.

"குரு வந்தா நல்லது நடக்கும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க," என்று பொதுவாகச் சொன்னார். "எனக்கு நடந்துக்கிட்டிருந்த நல்லதும் நின்னு போச்சே."

பக்கத்தில் நின்ற பெண்மணி அவரை முறைத்தார். "வாயை அடக்குங்க. பாவம்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். பாவம், கால் வலிக்குது."

இந்த முடிச்சை அவிழ்க்க மேலதிகாரி அம்மாள் வெளியே வந்தார். பல்லுக்காரி இதே அம்மாளிடம் இரண்டு முறை நடந்திருக்கிறாள். தம்பி வர முடியாமல் போனால் கடிதம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, தலையைக்கூட நிமிர்த்தாமல், "நேர்லன்னா நேர்லதான். எழுத்துல இருக்குல்ல? படிக்கத் தெரியாதா?" என்று துரத்தியவர். அந்தத் தலை இப்போதும் நிமிரவில்லை, காரணம்தான் மாறிப்போனது.

"குருவே, இந்தக் கூட்டத்துல போய் நிக்கிறதா? என் அறைக்கு எழுந்தருளணும். எல்லாம் அங்கேயே முடிச்சுடலாம்."

'முடிச்சுடலாம்' என்ற சொல்லை நம்பி அவளும் பின்னால் போனாள். அதுதான் அவள் செய்த தவறு.

அறைக்குள் போனால் அங்கேயும் அதே கதை. அம்மாள் நின்றார், பியூன் நின்றார், தம்பி நின்றான், நிழல் நின்றார். அம்மாளுடைய சுழல் நாற்காலி மட்டும் காற்றாடிக் காற்றில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்தது. பழச்சாறு வந்தது. அம்மாள் கைப்பேசியில் தன் மகளைக் கூப்பிட்டு, "குருவைப் பாரு, கும்பிடு," என்றார். மகள் கும்பிட்டாள். மகளுடைய மாமியாரைக் கூப்பிட்டார்கள். மாமியார் குளித்துக்கொண்டிருந்தாராம், குளித்துவிட்டு வரும் வரைக்கும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

"மேடம், என் ஃபைலு..." என்று பல்லுக்காரி நீட்டினாள்.

"இருங்கம்மா. எவ்வளவு பெரிய பாக்கியம் கிடைச்சிருக்கு, ஃபைலு ஃபைலுங்கிறீங்களே."

பாக்கியத்தை வைத்து விரிசலைப் பூச முடியுமா என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

குரு வெளியே இல்லாததால் கூடத்தில் வேலை மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கதவு வழியாக ஒலிபெருக்கி கேட்டது. நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. மூன்று பத்துக்கு, "நாற்பத்தேழு" என்றது.

அவள் சடாரென்று திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். பியூன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "அம்மா! குருவுக்கு முதுகு காட்டிக்கிட்டுப் போறீங்க!"

"என் நம்பரைக் கூப்பிடறாங்கய்யா!"

"திரும்பாம பின்பக்கமாவே நடந்து போங்கம்மா. அதுதானே முறை."

"நாற்பத்தேழு," என்றது ஒலிபெருக்கி இரண்டாம் முறை.

அவள் தம்பியைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். ஃபைல் அலமாரியில் இடுப்பு மோதியது. குப்பைக் கூடை காலில் மாட்டியது. கதவுப் பிடியைக் கை தேடி எடுப்பதற்குள் மூன்றாம் முறையும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். கூடத்துக்கு அவள் வந்து திரும்பிப் பார்த்தபோது பலகையில் நாற்பத்தெட்டு எரிந்தது.

"நான்தாங்க நாற்பத்தேழு. உள்ளே இருந்தேன்."

கவுண்டர் பெண் உண்மையான வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது காலாவதி ஆயிடுச்சும்மா. புது டோக்கன் மூணு மணியோட முடிஞ்சுது."

"உங்க மேடம் டோக்கனே வேண்டாம், உள்ளேயே முடிச்சுடலாம்னாங்களே."

"மேடம் சொல்லலாம். மிஷின் கேக்காது. டோக்கன் நம்பர் போட்டாத்தான் பக்கமே திறக்கும்."

மணி மூன்று பதினாறு. பல்லுக்காரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, வந்தது வேறு. எந்த மரியாதையும் கிடைக்காத ஒரு தம்பி இருந்திருந்தால், ஒரு பெயின்டரோ, பஸ் நடத்துநரோ, இரண்டு மணிக்கு வந்து, இவள் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பத்தேழு என்றதும் எழுந்துபோய் விரலை வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பான். அங்கி போட்ட தம்பி கிடைத்து, அவனுக்கு ஊரே எழுந்து நின்று, அதனாலேயே வீடு போகிறது. யாரும் இவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. கெடுதல் நினைத்தவனையாவது நாலு வார்த்தை கேட்கலாம்.

"என்னம்மா, எந்த வேலைக்கு வந்தீங்க?" லாரி டிரைவர்தான் கேட்டார்.

சொன்னாள். சிவப்புத் தாள், சுவர், நான்கு மணி, முப்பது பேருடைய பற்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவர் தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தண்ணி இணைப்புதான். ரெண்டு வருஷமா அலையறேன், இன்னொரு நாள் அலைஞ்சா குறைஞ்சு போயிடமாட்டேன். இந்தாங்க."

"ஐயா..."

"குருவுக்காகன்னு நினைச்சுடாதீங்க. எங்க அக்காவுக்கும் இப்படி ஒரு தம்பி இருக்கான். அங்கிதான் இல்ல." சட்டையை உதறிக்கொண்டு, யாருக்கும் முதுகு காட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியே போனார்.

ஐம்பத்து மூன்று. பல்லுக்காரி கணக்குப் போட்டாள். மூன்று நாற்பத்து மூன்றுக்கு முன்னே பின்னே வரும். அதுவரை தம்பி கூடத்துக்குள் காலை வைக்கக் கூடாது. வைத்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், எண் நின்றுவிடும். மேலதிகாரி அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"நீ இங்கேயே நில்லு. நான் கூப்பிடுற வரைக்கும் வெளியே வராதே."

"இந்தம்மா மகளோட மாமியார் இன்னும் வரலக்கா."

"வரட்டும். நல்லா சோப்பு போட்டுக் குளிச்சுட்டு வரட்டும்."

மூன்று நாற்பத்து நான்குக்கு ஐம்பத்து மூன்றாம் எண் எரிந்தது. அவள் தம்பியின் அங்கிக் கையைப் பிடித்துக் கவுண்டருக்கு இழுத்து வந்தாள். எதிர்பார்த்தபடியே மிச்சமிருந்த இருபது பேரும் எழுந்தார்கள். கவுண்டர் பெண்ணும் எழுந்தாள். நின்றபடியே குனிந்து தட்டச்சுப் பலகையைத் தொட முயன்று, கேமராவைக் கீழே தள்ளினாள். அது உருண்டது. எடுத்து வைத்தாள். எடுத்து வைத்த கேமராவில் தம்பியின் வயிறுதான் தெரிந்தது. அது உட்கார்ந்திருப்பவர்கள் உயரத்துக்குப் பொருத்தியது.

"குருவே, கொஞ்சம்... நீங்க... அந்த நாற்காலியில..." என்று திக்கினாள்.

"நீங்க உட்காருங்கம்மா," என்றான் தம்பி.

"ஐயோ, நானா?"

மூன்று நாற்பத்தெட்டு. பல்லுக்காரி கைப்பைக்குள் கையை விட்டாள். எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி ஒன்று. வீட்டுச் சாவிக்கொத்து ஒன்று. புட்டியைத் தலைக்கு மேலே பிடித்துச் சாவியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

ணங்!

பதினான்கு வருஷப் பழக்கம் யோசிக்கவிடவில்லை. தம்பி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். நிழல் தரையில் சம்மணமிட்டார். கூட்டத்தில் சபைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மளமளவென்று பாதிக் கூடம் உட்கார்ந்தது, மீதிக் கூடம் அதைப் பார்த்து உட்கார்ந்தது. அறை வாசலில் கைப்பேசியோடு நின்ற மேலதிகாரி அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் எழுந்துடாதீங்க!" என்று பல்லுக்காரி திரும்பி நின்று சொன்னாள். "இன்னும் ரெண்டாவது மணி அடிக்கல!"

கவுண்டர் பெண் முதல் தடவையாக மூச்சுவிட்டுத் தட்டச்சினாள். பெயர் வந்தது. வீட்டு எண் வந்தது. பல்லுக்காரியின் படமும் கைரேகையும் ஒரே நிமிஷத்தில் முடிந்தன. பிறகு கேமராவைத் தம்பியின் பக்கம் திருப்பினாள். டிக். கணினி சிவப்பாக ஏதோ காட்டியது. மறுபடி டிக். மறுபடி சிவப்பு.

"வெளிச்சம் சரியில்ல போல," என்று சொல்லி விளக்கைப் போட்டாள். டிக். சிவப்பு. "சர்வர் மெதுவா இருக்கு."

பல்லுக்காரி கவுண்டருக்கு மேல் எக்கித் திரையைப் பார்த்தாள். அங்கே தெளிவாக எழுதியிருந்தது: காதுகளும் நெற்றியும் தெரிய வேண்டும், தலையில் துணி இருக்கக் கூடாது.

"இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது?" கவுண்டர் பெண் கிசுகிசுத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "குருகிட்டப் போய், தலையிலிருக்கிறதை எடுங்கன்னா? எங்க வீட்டுல என்னைச் சேர்ப்பாங்களா?"

தரையிலிருந்தபடியே நிழல் பேசினார். "தலைக்கட்டைப் பொது இடத்துல அவிழ்க்கிறது இல்லம்மா."

"எங்கே எழுதியிருக்கு?"

"எழுதல. யாரும் அவிழ்த்ததில்ல."

மூன்று ஐம்பத்திரண்டு. அவள் தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "சுண்டு. எட்டு நிமிஷம் இருக்கு. அதை எடு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே படிக்கட்டில் கூடியிருந்த ஜனத்தைப் பார்த்தான். செய்தி பரவி ஐம்பது அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள்.

"முடியாதுக்கா."

"ஏன்? சாபம் வருமா?"

"அதெல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "எடுத்தா எனக்குத் திருப்பிக் கட்டத் தெரியாது."

"என்னது?"

"சபையில ஒரு பெரியவர் காலைல கட்டிவிடுவார். ஒன்பது மடிப்பு. பதினாலு வருஷமா அவர்தான். நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் இன்னைக்கு வரல. இதை அவிழ்த்தா நான் மொட்டைத் தலையோட இவங்களைத் தாண்டிக் கார் வரைக்கும் போகணும்." அவன் காது மடல் துணிக்குள்ளேயே சிவந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. "இது இல்லாம யாரும் என்னைப் பார்த்ததே இல்லக்கா. அடையாளமே தெரியாம, யாருய்யா நீன்னு கேட்டுட்டா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் வந்தது. ஊருக்கெல்லாம் பயத்தைப் போக்கும் வாய். ஆறடித் துணிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறது.

"கேட்டா, இன்னார் தம்பின்னு சொல்லு," என்றாள். "உனக்கு அடையாளம் போயிடும்னு பயம். எனக்கு வீடே போயிடும். ரெண்டுல எது பெருசுன்னு நீயே சொல்லு. நான் பிடுங்கமாட்டேன். நீதான் எடுக்கணும்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பிடுங்கிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

தம்பி மெதுவாகக் கையைத் தூக்கினான். பின்கழுத்தில் செருகியிருந்த முனை எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தடவித் தடவித் தேடினான். கிடைத்ததும் இழுத்தான். துணி சுற்றுச் சுற்றாக இறங்கி மடியில் விழுந்தது. கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பொங்கல் வைக்காத பானைபோல் வெளிறிய மண்டை, நடுவில் வழுக்கை, ஓரத்தில் வியர்வையில் ஒட்டிய நான்கு முடி, நெற்றியைச் சுற்றி துணி அழுத்திய சிவப்புக் கோடு. அப்பாவின் தலை. அப்படியே அப்பாவின் தலை. அவள் ஒரு நொடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

டிக்.

கணினி பச்சையாகச் சிரித்தது. கட்டை விரலை வைத்தான். இரண்டு முறை சறுக்கி மூன்றாம் முறை பிடித்தது. அச்சுப்பொறி தாளைத் துப்பியது. கவுண்டர் பெண் முத்திரையைக் குத்தி, மேலேயே நேரத்தையும் எழுதினாள்: மூன்று ஐம்பத்தேழு.

பல்லுக்காரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். பெயர் சரி, வீட்டு எண் சரி, தேதி சரி. மூன்றாய் மடித்து ஃபைலில் வைத்துக் கயிற்றைக் கட்டினாள்.

வாசலில் நிழல் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தம்பியின் தலையில் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் மடிப்பிலேயே அது ஊறுகாய் ஜாடிக்குக் கட்டிய துணி மாதிரி ஆகிவிட்டது. "விடுங்க," என்று தம்பி அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வழுக்கைத் தலையோடு படிக்கட்டுக்கு வந்தான்.

கூடியிருந்தவர்கள் அங்கியைப் பார்த்தார்கள், தலையைப் பார்த்தார்கள், மறுபடி அங்கியைப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கித் தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவர் தொப்பியை எடுத்தார். ஒரு பெண்மணி வெயிலுக்குப் போட்டிருந்த முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினார். பின்னால் ஒரு குடை மூடியது, இன்னொரு குடை மூடியது. "குரு தலைக்கட்டைத் துறந்துட்டாங்க," என்று ஒரு குரல் தழுதழுத்தது. மொத்தக் கூட்டமும் வழக்கத்தைவிட இன்னும் ஒரு சாண் தாழ்வாகக் குனிந்தது.

"எத்தனை நாளைக்குன்னு சொன்னா நாங்களும் தலையை மூடாம இருப்போம்," என்று ஹெல்மெட்காரர் நிழலிடம் பணிவாகக் கேட்டார்.

நிழல் கையிலிருந்த துணியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அறிவிப்போம்," என்றார்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, இப்போ இதுக்கு என்ன பண்றது?"

"அது உன் பாடு. என் பாடு சுவரு."

"பல்லு?"

"வெள்ளிக்கிழமை வா. மாமா ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து வா. காரெல்லாம் வேண்டாம்."

அவள் படியிறங்கினாள். ஆனால் இறங்க விட்டால்தானே! குருவின் அக்காவாம், கூடப் பிறந்தவங்களாம் என்று அதற்குள் காதுக்குக் காது போய்விட்டது. இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் காலைத் தொடக் குனிந்து, அவள் பதறி விலகியதில் செருப்பைத் தொட்டார். படியில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் எழுந்து அவளுக்காக வழியில் நின்றார். நின்றதனாலேயே வழி அடைபட்டது.

"நகருங்க! ஐயா, கும்பிட்டது போதும், நகருங்க!" ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையை முன்னால் நீட்டி, முதுகைக் குருவுக்கு முழுதாகக் காட்டியபடி அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். தெருவுக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்துச் சாரம் கட்டுகிற மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"பதிவு ஆயிடுச்சு... ஆமாங்க, முத்திரை குத்திட்டாங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கழியை இறக்கிடுங்க. பின்பக்கமா வாங்க, முன்னறையில பல்லெல்லாம் காயுது."